‘பாங்காவ்’ பாடலும் இருவகைச் செவிகளும்: கிரியான் வயல்வெளியிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் வட எல்லையில், கிரியான் ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள பாரிட் புந்தார், கிரியான் மாவட்டத்தின் தலைமை நகராகும். ஆற்றைக் கடந்தால் கெடாவின் பண்டார் பாரு. சற்றே வடமேற்கே சென்றால் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால். நகரைச் சூழ்ந்து நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. கடலோரத்திலோ பாக்காவ் மரங்கள் அடர்ந்த சதுப்புநிலக் காடுகளும், அவற்றையொட்டிக் கோலா குலா பறவைப் புகலிடமும் உள்ளன. வயலும் நீரும் பறவையும் ஒன்றையொன்று அடுத்திருக்கும் இந்நிலப்பகுதி, மலாய் நாட்டுப்புறப் பாடல் ஒன்றின் பொருளை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகிறது. ஆக்கியோன் பெயர் அறியப்படாத ‘பாங்காவ் ஓ பாங்காவ்’ என்னும் பாடலே அது. மென்மையான மெட்டுடைய இப்பாடலை மலேசியக் குழந்தைகள் இனவேறுபாடின்றி அறிவர். ஆயினும், கேட்போர் இதனை ஒரே வகையில் ஏற்பதில்லை. அக்கருத்து வேறுபாடு எதனால் எழுகிறது என்பதையும், கிரியானின் வரலாறு அதற்கு என்ன விடை தருகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பாடலின் அமைப்பு

இது வினாவும் விடையுமாக நீளும் சங்கிலிப் பாடல். ஏன் மெலிந்திருக்கிறாய் என்று பறவையிடம் கேட்கப்படுகிறது. மீன் நீரின்மேல் எழவில்லை என்கிறது பறவை. மீனோ, புல் நெடிதாக வளர்ந்துவிட்டது என்கிறது. எருமை தன்னை மேயவில்லை என்பது புல்லின் விடை. எருமைக்கு வயிற்றுவலி, வயிறு வேகாத சோற்றை உண்டது, சோறு வேகாததற்கு விறகின் ஈரம் காரணம், விறகை நனைத்தது மழை, மழையை அழைத்தது தவளை, தவளையை விழுங்க வந்தது பாம்பு. இறுதியில் பாம்பிடம் கேட்கும்போது, தவளை தன் உணவு என்று அது கூறுகிறது. பாடல் அங்கே நின்றுவிடுகிறது.

இத்தகைய அமைப்பு உலகின் பல பண்பாடுகளில் காணப்படுவதே. ஆன்டி ஆர்னே 1910இல் தொடங்கி, சுடித் தாம்சன் விரித்தமைத்த கதைவகை அடைவில் சங்கிலிக் கதைகளுக்குத் தனிப்பகுதி உண்டு. யூதர்கள் பாஸ்கா விருந்தின் முடிவில் பாடும் ‘ஹாட் காட்யா’ என்னும் ஆட்டுக்குட்டிப் பாடலும் இவ்வகையினதே.

இருவகைச் செவிகள்

இப்பாடலைக் கேட்போரை இரு சாராராகப் பிரித்து நோக்கலாம்.

முதல் சாரார், இது பொறுப்பைத் தட்டிக்கழிப்போரின் பாடல் என்பர். பறவை முதல் தவளை வரை எவரும் தம்மைக் குறைகூறிக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகின்றனர். மலாய் அரசியல் மேடைகளிலும் நாளேட்டுப் பத்திகளிலும், பழியைக் கைமாற்றுவோரைச் சுட்டுவதற்கு இப்பாடலின் பெயரே உவமையாக நிலைபெற்றுவிட்டது. பிஞ்சு உள்ளங்களுக்கு இதனைக் கற்பித்தல் தகுமா என்ற வினாவும் இச்சாராரிடமிருந்தே எழுகிறது. தன் செயலைத் தனதென்று ஒப்புக்கொள்ளும் ஒரே உயிர், எவரும் விரும்பாத பாம்புதான் என்பதும் இவர்கள் சுட்டும் முரணாகும்.

இரண்டாம் சாரார், இது உயிர்களின் பிணைப்பைக் கூறும் பாடல் என்பர். ஒன்று குன்றினால் மற்றொன்றும் குன்றும் என்னும் உண்மையை இதனினும் எளிமையாகக் குழந்தைக்கு உணர்த்த இயலாது என்பது அவர்தம் கருத்து. இவர்கள் செவியில் பாடல் பழிகூறவில்லை, காரணம் கூறுகிறது.

சாக்கும் காரணமும்

இவ்விரு கருத்துகளையும் சீர்தூக்கத் தமிழரிடையே வழங்கும் இரு கதைகள் துணைபுரிகின்றன.

முதலாவது, இந்தியாவில் பல வடிவங்களில் வழங்கும் முட்டாள் அரசனின் கதை. கன்னமிட வந்த திருடன்மேல் சுவர் இடிந்து விழுகிறது. வீட்டுக்காரன் கொத்தனைக் கைகாட்டுகிறான். கொத்தன், தெருவில் சென்ற பெண்ணால் தன் கவனம் சிதறியது என்கிறான். அவள் மற்றொருவரைக் கைகாட்டுகிறாள். முடிவில், தப்பிக்க வழியறியாத ஒருவன் தலையில் தண்டனை விழுகிறது. இதில் வரும் விடை ஒவ்வொன்றும் சாக்கு. கேட்போர் சிரிப்பதும் அதனால்தான்.

‘பாங்காவ்’ பாடலின் விடைகள் அத்தகையவை அல்ல. எருமை மேயாவிடில் புல் வளரும். ஈரவிறகில் சோறு வேகாது. மழையில் விறகு நனையும். தவளை மழையை அழைக்கும் என்பது மட்டும் நம்பிக்கை. அந்நம்பிக்கை தமிழர்க்கும் உரியதே; மழை வேண்டித் தவளைக்குத் திருமணம் செய்விக்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. வயிற்றுவலி கண்ட எருமை வேகாத சோற்றை உண்டது என்னும் விந்தையை ஒதுக்கிவிட்டால், எஞ்சிய விடைகள் வயல்வெளி மனிதர் அன்றாடம் காணும் உண்மைகளே. ஆகவே, சாக்குக்குரிய சிரிப்பைக் கொண்டு இப்பாடலை அளத்தல் முழுமையாகப் பொருந்தாது.

இரண்டாவது, தன் பெயரை மறந்த ஈயின் கதை. ஈ கன்றிடம் கேட்கிறது, பின் தாய்ப்பசுவிடம், அதை மேய்க்கும் இடையனிடம், அவன் கைக்கோலிடம், மரத்திடம். வட்டாரந்தோறும் மாறும் இக்கதையின் ஒரு வடிவில் கொக்கும், அது நீராடும் குளமும், குளத்து மீனும், வலைஞனும், குயவனும், மண்ணும், புல்லும் வருகின்றன. இறுதியில் குதிரை கனைக்க, ஈ தன் பெயரை அறிந்துகொள்கிறது. பறவை, மீன், புல் ஆகிய மூன்றும் இரு சங்கிலிகளிலும் இடம்பெறுதல் நோக்கத்தக்கது. நன்செய் நிலத்தில் வாழ்ந்த இரு மக்களும் தாம் கண்டவற்றையே கோத்தனர் என இதற்குக் காரணம் கூறலாம்.

இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு. தமிழ்ச் சங்கிலியில் இடையனும் வலைஞனும் குயவனும் தத்தம் தொழிலோடு நிற்கின்றனர். மலாய்ச் சங்கிலியிலோ மனிதர் ஒருவருமில்லை. சோறு இருக்கிறது, சமைத்தவர் இல்லை. விறகு இருக்கிறது, வெட்டியவர் இல்லை. எருமை இருக்கிறது, உரியவர் இல்லை. கேட்போர் இரு சாராராய்ப் பிரிவதற்கு இதுவே அடிப்படை என்று நாம் கருதுகிறோம். இயற்கைப் பொருள்களுக்குள் காரணம் உண்டு, குற்றம் இல்லை. குற்றம் என்பது மனிதர்க்கே உரியது. மறைந்து நிற்கும் மனிதரை உய்த்துணர்வோர் பாடலில் குற்றத்தைக் கேட்கின்றனர். அவரை நினையாதோர் காரணத்தைக் கேட்கின்றனர்.

கிரியான் நீரில் மனிதர் கை

பாடல் கூறாதுவிட்ட மனிதரைக் கிரியானின் வரலாற்றில் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இம்மாவட்டத்தின் கடலோரச் சதுப்புகள் கரும்புத் தோட்டங்களாயின. அவற்றில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொணரப்பட்டனர். 1910இல் ஒப்பந்தமுறைக் குடியேற்றம் நிறுத்தப்பட்டது. அதே காலப்பகுதியில் கரும்பு பின்வாங்க, இரப்பரும் தென்னையும் அதன் இடத்தைப் பிடித்தன. மலாயில் சர்க்கரையைக் குறிக்கும் ‘குலா’ என்னும் சொல்லை இன்றும் தாங்கி நிற்கிறது கோலா குலா. பாகான் செராயை அடுத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் குடியேற்றமாக எழுந்த சூசைப்பாளையம், தன் பெயராலேயே தமிழர் வருகைக்குச் சான்றாகிறது.

நெல்லுக்கு நீர் தர, புக்கிட் மேராவில் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டு, 1906இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவெய்தியது. இந்நாட்டின் முதல் பெரும் பாசனத் திட்டம் இதுவே. 20,000 எக்டருக்கு மேற்பட்ட வயல்கள் இதனால் நீர்பெற்றன. அதன்பின் கிரியானில் மழை மட்டும் நீரின் முதலாக இருக்கவில்லை. மதகைத் திறக்கும் கையும் சங்கிலியில் இடம்பெற்றது.

நீர் நின்ற வயல்களில் மீன்களும் பெருகின. சயாமிலிருந்து வந்த ‘செப்பாட் சியாம்’ என்னும் மீன் நெல்லோடு வளர்ந்தது. அறுவடைக்கு முன் நீர் வடியும்போது வயலோரக் குழியில் ஒதுங்கும் மீன், உழவர்க்கு உணவும் துணை வருவாயுமாயிற்று. பின்னர் ஆண்டுக்கு இருபோகச் சாகுபடி வந்தது. வயலில் நீர் நிற்கும் காலம் குறைந்தது; பூச்சிக்கொல்லி மிகுந்தது; மீன் குறைந்தது. உழுபொறி வந்தபின் எருமையும் வயலைவிட்டு நீங்கியது. மீன் ஏன் எழவில்லை, எருமை ஏன் மேயவில்லை என்னும் வினாக்களுக்குக் கிரியான் தரும் விடைகளில் பாம்பும் தவளையும் இல்லை. அவை மனிதர் எடுத்த முடிவுகள். அம்முடிவுகளால் நாட்டிற்கு அரிசி பெருகியதும் உண்மை. பறவைக்கு இரை குறைந்ததும் உண்மை.

எந்தப் பறவை?

மலேசிய மலாயில் ‘பாங்காவ்’ என்பது கொக்கினத்தைக் குறிக்கும். இந்தோனேசியாவிலோ கொக்கு ‘குந்துல்’ எனப்படும். ‘பாங்காவ்’ என்பது நாரைக்குரிய பெயராகும். கொக்கு எவ்வளவு தொலைவு பறந்தாலும் எருமையின் முதுகிலேயே வந்தமரும் என்னும் பொருளில் மலாய்ப் பழமொழி ஒன்றும் உண்டு. எனவே, எருமையோடு சேர்த்துப் பாடப்படும் இப்பறவை வயற்கொக்கு எனக் கொள்வதே பொருத்தம். தமிழ்க் குழந்தைகள் விரல் நகங்களை நீட்டி, வெண்புள்ளியைப் பூவாக இடும்படி வேண்டுவதும் அக்கொக்கினிடமே. அது அரிய பறவை அன்று.

ஆயினும், இந்தோனேசியர் செவியில் விழும் நாரை கிரியானுக்கு அயலானதன்று. கோலா குலாவின் சேற்றுநிலத்தில் இரைதேடும் பால்வண்ண நாரை, மலாயில் ‘உப்பே’ எனப்படும். வெண்ணிற உடலும், கருஞ்சிறகு ஓரமும், மஞ்சள் அலகும், செந்நிற முகமும் உடையது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் தமிழர் காணும் மஞ்சள்மூக்கு நாரையும் இதுவும் ‘மிக்டீரியா’ என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மாத்தாங் கடலோரத்தில் 1984இல் நூற்றுக்கு மேற்பட்டனவாக எண்ணப்பட்ட இப்பறவை, 2005ஆம் ஆண்டளவில் பத்துக்கும் குறைந்தது. சதுப்புநிலம் வளர்ப்புக் குளங்களாக மாறியமையும், மனிதர் தொந்தரவும், வேட்டையும் இவ்வினம் குன்றியதற்குக் கூறப்படும் காரணங்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013இல் இதனை அழிவின் விளிம்பை நெருங்கும் இனங்களுள் சேர்த்தது. தேசிய விலங்குக் காட்சிச்சாலையில் வளர்க்கப்பட்ட நாரைகள் கோலா குலாவில் விடப்பட்டமை, குறைத்த கையே காக்கவும் முயன்றதற்குச் சான்று.

பழியும் பொறுப்பும்

மலேசியத் தமிழர் வரலாற்றிலும் இத்தகைய சங்கிலி ஒன்று உண்டு. 1950களில் ஐரோப்பியருடைய இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் இழந்தவர்கள் பாட்டாளித் தமிழர். ஏன் என்று கேட்டவர்க்குக் கிடைத்த விடைகளில் இரப்பர் விலையும், செயற்கை இரப்பரும், மாறிவந்த அரசியற் சூழலும் இருந்தன. அவற்றுள் எதுவும் முற்றிலும் பொய்யன்று. எனினும், உண்மையான காரணங்களை அடுக்குவதால் மட்டும் ஒரு குடும்பத்திற்கேனும் கூரை கிடைத்துவிடாது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர் சேமிப்பைக்கொண்டே தோட்டங்களை வாங்க வழிவகுத்தார். துண்டாடலுக்கு அவர் காரணரல்லர். எனினும் பொறுப்பை ஏற்றார். பழி வேறு, பொறுப்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நம் வரலாற்றில் காண்பது அரிது.

முடிவுரை

‘பாங்காவ்’ பாடலைப் பழியின் பாடல் என்போரும் பிணைப்பின் பாடல் என்போரும் தத்தம் அளவில் சரியாகவே கேட்கின்றனர். மனிதர் இல்லாத சங்கிலியில் குற்றவாளி இல்லை. ஆனால், கிரியானில் மனிதர் இல்லாத சங்கிலி 1906க்கு முன்பே அறுந்துவிட்டது. கரும்புக்காகச் சதுப்பை வெட்டியவர், மதகைக் கட்டியவர், மருந்து தெளித்தவர், பறவையை எண்ணிக் குறித்தவர் அனைவரும் அதன் கண்ணிகளே. பாடலைக் குழந்தைகளிடமிருந்து விலக்க வேண்டிய தேவை இல்லை. பாம்போடு பாடலை நிறுத்திவிடாமல், சோற்றைச் சமைத்தவர் யார், விறகை நனையவிட்டவர் யார் என்ற வினாக்களையும் வகுப்பறையில் சேர்த்துக் கேட்கலாம். பாரிட் புந்தார்ப் பிள்ளைகளுக்கு அவ்வினாக்களின் விடை ஏட்டில் தேட வேண்டியதன்று. அவர்தம் ஊரின் வாய்க்காலிலும் வயலிலும் கடலோரச் சேற்றிலும் உள்ளது.