விலா எலும்பும் முப்புரிக் கயிறும்

பன்றியின் முதுகுச் சதையைத் துண்டு போட்டுத் தணலில் வாட்டினால், கால் மணி நேரத்தில் உண்ணத்தக்கதாகிவிடுகிறது. அதே பன்றியின் விலா எலும்பை அதே தணலில், அதே நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள். சதை எலும்பை விட்டு வர மறுக்கும். பல்லுக்கு அகப்பட்டதும் ரப்பரைப்போல் இழுபடும். தீ போதவில்லை என்று எண்ணி விறகை மேலும் தள்ளினால் மேற்புறம் கரிந்து, உட்புறம் முன்னிலும் கடினமாகும். தீயைத் தணித்து இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்திருந்தாலோ, எலும்பு தானே கழன்று கையோடு வந்துவிடும். பெரிய தீயால் ஆகாதது சிறிய தீயால் எப்படி ஆகிறது?

இந்த வினா மிகப் பழையது. இதற்கு விடை கண்ட வரலாற்றில் காவிரிக் கழிமுகக் கடற்கரைக்கும், அங்குள்ள காரைக்கால் துறைமுகத்துக்கும், சென்னைப் பல்கலைக் கழகத்துக்கும் பங்கு உண்டு.

புகாரின் புறச்சேரி

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியையும் கடந்து சென்றால் காவிரிப்பூம்பட்டினம் இருந்த இடம் வரும். அந்நகரைப் பாடிய பட்டினப்பாலை, பரதவர் வாழ்ந்த புறச்சேரியைக் காட்டும்போது உறைகிணறுகளையும், கோழிகளையும், குட்டிகளோடு திரியும் பன்றிகளையும் காட்டுகிறது. இந்நூலைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடியவர். அதில் ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. கள் சமைப்போர் வீட்டில் ஆண் பன்றியைக் குழியில் அடைத்து, பெண் பன்றியோடு சேரவிடாமல், மாவுணவு கொடுத்துப் பல நாள் கொழுக்க வைத்தார்கள் என்பதே அது.

இதன் பொருள் என்ன? ஓடியாடும் விலங்கின் தசையில் தசைகளைப் பிணைக்கும் இழைகள் உறுதியாக வளர்கின்றன. அடைபட்ட விலங்கின் தசையில் கொழுப்பு மிகுகிறது. இறைச்சி மென்மையாக வேண்டும் என்ற கருத்து, அடுப்பில் ஏறும் முன்பே தொழுவத்தில் தொடங்கிவிட்டது எனலாம்.

கரிகாலனின் விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படையோ அடுப்பின் அறிவைக் காட்டுகிறது. விலங்கின் பருத்த தொடையை அங்கே வேகவைக்கிறார்கள். கொழுத்த துண்டுகளைக் கம்பியில் கோத்துச் சுடுகிறார்கள். உழைத்த தசைக்கு நீர், கொழுத்த தசைக்குத் தணல் என்னும் பாகுபாட்டை இன்றைய உணவியலாரும் மாற்றவில்லை.

பரணும் பார்பிக்யூவும்

இனி நாம் கடல் கடந்து கரிபியத் தீவுகளுக்குச் செல்வோம். நம் நாட்டில் தினைப்புனம் காக்கப் பரண் கட்டியது போலவே, அங்கும் சோளக் கொல்லையில் பறவை ஓட்டும் சிறுவர்களுக்கு மரச்சட்டங்களால் பரண் கட்டினார்கள். அதற்குப் 'பார்பகோவா' என்று பெயர். தணலுக்கு மேலே குச்சிகளைப் பரப்பி, இறைச்சியை வைத்து வாட்டும் சட்டத்துக்கும் அதுவே பெயர். ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ 1526-இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லைப் பதிவு செய்தார். இன்று உலகெங்கும் வழங்கும் 'பார்பிக்யூ' இதிலிருந்து பிறந்ததே.

அத்தீவுகளில் முதலில் பன்றி இல்லை. 1493-இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கொண்டு சென்ற பன்றிகள் காட்டுக்குள் புகுந்து பெருகின. பரண் அங்கேயே இருந்தது. பன்றி கப்பலில் வந்தது. இரண்டும் சேர்ந்தன. உயரத்தில் இறைச்சி, அடியில் மெல்லிய தணல், நடுவில் புகை என்ற இந்த அமைப்பில் இறைச்சிக்குச் சூடு மெதுவாகவே ஏறும். விலா எலும்புக்கு வேண்டியதும் அதுதான்.

காரைக்காலில் ஏறிய குழம்பு

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டு சென்றார்கள். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853-இல் மர்த்தினீக்கையும் 1854-இல் குவாதலூப்பையும் அடைந்தது. 1880களின் இறுதிக்குள் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும், மர்த்தினீக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் சென்றனர். இவர்களுள் பெருந்தொகையினர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குத்தான். ஆயினும் ஊர் திரும்பாதவர்களே மிகப் பலர். நோயிலும் வேலைக் கொடுமையிலும் மாண்டவர்களும் ஏராளம்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது பார்பகோவா பிறந்த கரிபியப் பகுதி. இரண்டு மூன்று தலைமுறைகளில் அவர்கள் பேச்சிலிருந்து தமிழ் மறைந்தது. அடுப்பிலிருந்து மறையவில்லை. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்த்து அரைத்த பொடிக்கு அத்தீவுகளில் இன்றும் 'கொலோம்போ' என்று பெயர். நம் 'குழம்பு' என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது என்பர். பன்றி இறைச்சிக் கொலோம்போ அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த உணவு. கடினமான, மலிவான துண்டுகளை மூடிய பாத்திரத்தில் மெல்லிய தீயில் நெடுநேரம் கொதிக்க வைப்பதே அதன் முறை.

1954-இல் கிடைத்த விடை

1954 நவம்பர் முதல் நாள் காரைக்காலின் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. அதே ஆண்டில் நம் வினாவுக்கான அடிப்படை விடையும் சென்னையில் கிடைத்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்து கண்ட உண்மை அது.

தோல், தசைநார், எலும்பு, தசைகளைப் போர்த்திய சவ்வு ஆகிய எல்லாவற்றிலும் கொலாஜன் உண்டு. அதன் மூலக்கூறு மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறு. சென்னையில் முன்வைத்த இந்த வடிவம் அடுத்த ஆண்டே சென்னையிலும் வெளிநாடுகளிலும் மேலும் திருத்தம் பெற்றது. முப்புரி என்ற அடிப்படை நிலைத்தது.

இந்தக் கயிற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பாருங்கள். விலாப் பகுதி மூச்சுக்கு மூச்சு அசைவது. அங்கே இக்கயிறுகள் மிகுதி. வெப்பம் 60 முதல் 65 டிகிரி செல்சியஸை எட்டும்போது கயிறு சுருங்குகிறது. ஈரத் துணியைப் பிழிவது போலத் தசையிலுள்ள நீரைப் பிழிந்துவிடுகிறது. அவசரக்காரர் இறைச்சியை எடுப்பது இந்த நிலையில்தான், அதனால்தான் ரப்பர். வெப்பம் 70 டிகிரியைத் தாண்டி 90 வரை சென்று, ஈரத்தோடு நீண்ட நேரம் நின்றால் மூன்று புரிகளும் பிரிந்து ஜெலட்டினாக மாறுகின்றன. ஜெலட்டின் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தசையிழைகள் வறண்டிருந்தாலும் வாயில் மென்மையும் வழவழப்பும் தோன்றுவது அதனால்தான். கயிறு அவிழ நேரம் வேண்டும். பெருந்தீ மேற்புறத்தைக் கரிக்குமே தவிர, அந்த நேரத்தைத் தராது.

நம் வீட்டு அடுப்பில்

பரண் கட்ட வசதியில்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உட்புறம் இளக ஈரமும் மிதமான சூடும் வேண்டும். மேற்புறம் சிவந்து மணக்க வறட்சியும் 140 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் வேண்டும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து இவ்வாறு சிவப்பதை 1912-இல் விளக்கியவர் மயார் என்னும் பிரெஞ்சு வேதியியலார்.

ஒரு கிலோ விலா எலும்பின் உட்புறத்திலுள்ள மெல்லிய சவ்வை உரித்துவிடுங்கள். அது வெந்தாலும் தோல்போல் நிற்கும். இரண்டு தேக்கரண்டி உப்பு, அரைத்த பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், சிறிது புளிக்கரைசல் ஆகியவற்றைத் தடவி இரண்டு மணி நேரம் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். உப்பு தசைப் புரதங்களைச் சற்றே கரைத்து, நீர் வெளியேறாமல் காக்கும். பிறகு அரைக் குவளை நீர் விட்டு, இறுக மூடி, மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம் வேகவிடுங்கள். பிரஷர் குக்கரானால் அரை மணி போதும். அதில் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் கயிறு விரைவில் அவிழ்கிறது. எலும்பை மென்மையாக்குவதற்கென்றே 1679-இல் தெனி பப்பென் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த கருவியே குக்கரின் முன்னோடி.

வெந்த எலும்பை எடுத்து, பாத்திரத்தில் தங்கிய சாற்றைச் சுண்டவைத்து, சிறிது வெல்லம் கலந்து மேலே பூசுங்கள். சாம்பல் பூத்த கரித்தணலில் புரட்டிப் புரட்டிப் பத்து நிமிடம் காட்டுங்கள். வெல்லத்தை முதலிலேயே சேர்த்தால் அது கருகிக் கசக்கும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் எலும்பை ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கரும்புகை உடலுக்கு நல்லதன்று.

மெதுவாக வேகவைப்பதில் உடல்நலம் பற்றிய காரணமும் உண்டு. கழிவுகளில் மேய்ந்த பன்றியின் தசையில் நாடாப்புழுவின் கூடுகள் இருக்கலாம். அரைவேக்காட்டு இறைச்சியை உண்பவர் குடலில் அது வளர்ந்து முட்டையிடும். அவருடைய மலத்தால் மாசுபட்ட நீரிலும் உணவிலும் அம்முட்டை பிறரைச் சேர்ந்து, மூளையில் கூடுகட்டினால் வலிப்பு உண்டாகும். பன்றி இறைச்சியைத் தொடாதவரும் இவ்வாறு நோயுறக்கூடும். விலா எலும்பு இளகும் அளவுக்கு வெந்த இறைச்சியில் புழுக்கூடு எதுவும் பிழைக்காது. நாவுக்கு மென்மை தரும் பொறுமை உயிருக்கும் காவலாகிறது.

கொழுத்த சதை வசதியுள்ளவர் இலைக்குப் போனபின், எலும்போடு மிஞ்சியதே ஏழைக்குக் கிடைத்தது. அதை மென்மையாக்கும் வழியை அவர்கள் கருவியின்றி, கணக்கின்றி, அடுப்பருகே உட்கார்ந்தே கண்டுபிடித்தார்கள். கப்பலேறியபோதும் அதைக் கையோடு கொண்டு சென்றார்கள். முப்புரிக் கயிற்றின் வடிவத்தை விஞ்ஞானம் கண்டது 1954-இல். அதை அவிழ்க்கும் வழியை அடுப்பங்கரை எப்போதோ அறிந்திருந்தது.