கேஸ் ஷீட் எழுதிய கவிஞர்

ஹாலோபெரிடால். மனநல வார்டுல டியூட்டி பார்த்த எந்த டாக்டருக்கும் தெரிஞ்ச மருந்து. சரியான நோயாளிக்குக் கொடுத்தா நல்ல மருந்துதான். நோயே இல்லாத ஒரு கவிஞருக்கு இதைக் கொடுத்த கதை தெரியுமா உங்களுக்கு?

நதாலியா கோர்பனேவ்ஸ்கயா. மாஸ்கோக்காரர். ரெண்டு பிள்ளைகளைத் தனியா வளர்த்த அம்மா.

1968 ஏப்ரல்ல, நிறைமாத வயித்தோட டைப்ரைட்டர் முன்னாடி உட்கார்ந்து ஒரு ரகசிய இதழைத் தொடங்கினாங்க. பேரு 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு'. யாரை எப்போ கைது பண்ணாங்க, யார் வீட்டுல சோதனை, எந்த முகாம்ல என்ன நிலைமை. அவ்வளவுதான். வசை கிடையாது, புலம்பல் கிடையாது. நாங்க எழுதுற கேஸ் ஷீட் மாதிரி.

கார்பன் தாள் வெச்சு அடிச்ச பிரதிகள் கைமாறிப் போகும். படிச்சவர் திரும்ப டைப் அடிச்சு அடுத்தவருக்குக் கொடுப்பார். உங்ககிட்ட ஒரு தகவல் இருக்கா? இதழை உங்களுக்குக் கொடுத்தவர்கிட்ட சொல்லுங்க. அவர் தனக்குக் கொடுத்தவர்கிட்ட சொல்லுவார். அப்படியே ஆசிரியர் கைக்குப் போயிடும்!

அந்த ஆகஸ்ட்ல சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ள நுழைஞ்சது. 25ஆம் தேதி நண்பகல், செஞ்சதுக்கத்துல 8 பேர் எதிர்ப்புப் பதாகையோட உட்கார்ந்தாங்க. நதாலியா மூணு மாசக் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில வெச்சு வந்தாங்க. பதாகைகளும் அந்த வண்டிக்குள்ளதான் வந்தது. கொஞ்ச நேரத்துலயே அடி, கைது. ஒருத்தருக்குப் பல்லே உடைஞ்சது. பால்குடிப் பிள்ளைக்காரின்னு நதாலியாவை அப்போதைக்கு விட்டாங்க. அவங்க சும்மா இருக்கலை. நண்பர்களோட வழக்கு விசாரணையைத் தொகுத்து 'நண்பகல்'னு புத்தகமாக்கினாங்க.

1969 டிசம்பர் 24, கைது.

இனி வர்றதுதான் எங்க தொழிலுக்கே அவமானம். செர்ப்ஸ்கி நிறுவன மருத்துவர்கள் எழுதின டயக்னோசிஸ், 'மந்தகதி ஸ்கிசோஃப்ரினியா'. குரல் கேட்கணும், உருவம் தெரியணும்னு அவசியமில்லை. நாட்டைத் திருத்தணும்னு நினைச்சா அது அறிகுறி. 'எனக்கு நோயில்லை'ன்னா அதுவும் அறிகுறி! எப்படித் தப்பிக்க முடியும், சொல்லுங்க?

கசான் சிறப்பு மனநல மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. சிறைன்னா இத்தனை வருஷம்னு கணக்கு உண்டு. இங்க டாக்டர் மனசு வைக்கிற வரைக்கும்.

ஹாலோபெரிடாலோட பக்கவிளைவு ஒண்ணு, அகதிசியா. உட்கார்ந்தா எழுந்திருக்கணும், எழுந்தா நடக்கணும், நடந்தா படுக்கணும். உடம்புக்குள்ள யாரோ விரட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி. நாலு வரி சேர்ந்தாப்ல படிக்க முடியாது. எழுதுறது எங்க? என் நோயாளிகள்ல இதைப் பார்த்தா உடனே டோஸைக் குறைப்பேன், மாத்து மருந்து கொடுப்பேன்.

1972 பிப்ரவரியில விடுதலை. 1975ல பாரிஸ். அங்க பிரெஞ்சு மனநல மருத்துவர்கள் பரிசோதிச்சு, மனநோய் எதுவும் இல்லைன்னு சொன்னாங்க. உலக மனநல சங்கம் 1977ல சோவியத்தைக் கண்டிச்சது. வெளியேத்திடுவாங்கன்னு தெரிஞ்சு, 1983ல சோவியத் சங்கம் தானே விலகிக்கிச்சு.

குறிப்பேடு நின்னு போச்சான்னு கேட்கிறீங்களா? வேற கைகள் டைப் அடிச்சு 1983 வரைக்கும் கொண்டு போனாங்க.

2013 ஆகஸ்ட் 25. அதே செஞ்சதுக்கம், அதே வாசகம்: 'உங்கள் சுதந்திரத்துக்கும் எங்கள் சுதந்திரத்துக்கும்'. 77 வயசுல நதாலியா திரும்ப வந்து நின்னாங்க. கூட நின்ன பலரைப் போலீஸ் பிடிச்சிக்கிட்டுப் போச்சு. மூணு மாசத்துல பாரிஸ்ல காலமானாங்க.