வாஷிங் மெஷினுக்கு மேலே: ஒரு அலமாரியின் முன்கதை

வாஷிங் மெஷினுக்கு மேலே இருக்கிற வெறும் சுவரில் இடத்தை மிச்சப்படுத்தி அலமாரி அடிப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் படங்கள் கொட்டும். எல்லாவற்றிலும் அளவு இருக்கும், பலகை இருக்கும், ஸ்க்ரூ இருக்கும். ஆனால் 'இடத்தை மிச்சப்படுத்துவது' என்ற யோசனையே எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

சுவரே அலமாரி

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். 1774-ல் இங்கிலாந்திலிருந்து ஆன் லீ என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு சிறு குழு அங்கே குடியேறியது. ஷேக்கர்கள் என்று பெயர். திருமணம் கிடையாது, தனிச்சொத்து கிடையாது, எல்லாருக்கும் ஒரே கூரை. சுத்தம் அவர்களுக்கு வழிபாடு மாதிரி.

நூறு பேர் ஒரே வீட்டில் இருந்தால் துணிமணியை எங்கே வைப்பது? மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹான்காக்கில் 1830-ல் அவர்கள் கட்டிய செங்கல் வீட்டில் இதற்கு விடை இருக்கிறது. இழுப்பறைகளையும் அலமாரிகளையும் சுவருக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். இழுப்பறைகள் மட்டும் 369. ஆளுக்கு மூணு, நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தூசி படிய இடமில்லை, அடியில் பெருக்க வேண்டியதில்லை. அறையைச் சுற்றி சுவரில் மரமுளைகள் வரிசையாக இருக்கும். தொப்பி, அங்கி, ஏன் நாற்காலியைக்கூட அதில் மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவார்கள்.

இவர்கள் துணி துவைக்கவும் யோசித்தவர்கள். நியூ ஹாம்ப்ஷயரில் கேன்டர்பரி ஷேக்கர்கள் பெரிய சலவை இயந்திரம் ஒன்றுக்கு 1858-ல் காப்புரிமை வாங்கி, ஹோட்டல்களுக்கு விற்றார்கள். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் அதற்குப் பதக்கமும் கிடைத்தது. அவர்களுடைய சலவைக்கூடத்தில் ஈரத்துணியை மாட்டி அப்படியே சூடான அறைக்குள் தள்ளிவிடும் செங்குத்துச் சட்டங்கள் உண்டு. இன்றைக்கு நாம் குறுகலான இடத்துக்கு வாங்குகிற இழுக்கும் ஸ்டாண்டுக்குத் தாத்தா என்றே சொல்லலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே மிச்சமான இடமும் நேரமும் எல்லாருக்கும் பொதுவானவை.

எழுபது சதுர அடி

அடுத்தது ஜெர்மனி. முதல் உலகப்போருக்குப் பின் ஃப்ராங்ஃபர்ட்டில் கடுமையான வீட்டுப் பஞ்சம். நகரின் கட்டுமானத்துக்குப் பொறுப்பேற்ற எர்ன்ஸ்ட் மை, வியன்னாவிலிருந்து மார்கரெட்டெ லிஹோட்ஸ்கி என்ற இளம் பெண் கட்டடக் கலைஞரை அழைத்துவந்தார். (திருமணத்துக்குப் பின் ஷூட்டெ-லிஹோட்ஸ்கி.) 1926-ல் அவர் வடிவமைத்ததுதான் புகழ்பெற்ற 'ஃப்ராங்ஃபர்ட் சமையலறை'. அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். நம் கணக்கில் எழுபது சதுர அடி.

ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறையை அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். அங்கே நின்ற இடத்திலிருந்து எல்லாம் கைக்கு எட்டும். கூடவே அமெரிக்காவின் கிறிஸ்டீன் ஃப்ரெடரிக் எழுதிய, வீட்டுவேலையைத் தொழிற்சாலை வேலை போல அடி அடியாக அளந்து பார்க்கும் நூல். அரிசி, சர்க்கரை, பருப்புக்கு அலுமினிய இழுப்பறைகள். முனை வைத்த டப்பா போல உருவி எடுத்து அப்படியே கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரம், புழு அண்டாது என்பதற்காக. மேலே தண்டவாளத்தில் நகரும் விளக்கு. நம் விஷயத்துக்கு முக்கியமானது: சுவரோடு மடங்கும் இஸ்திரிப் பலகை. வேண்டும்போது இறக்கலாம், வேலை முடிந்ததும் ஏற்றிவிடலாம். இடத்தை மிச்சப்படுத்தும் சாமான்களில் இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் கட்டினார்கள். துணி துவைப்பதை இந்த எழுபது சதுர அடிக்குள் திணிக்கவில்லை. சில குடியிருப்புகளில் அதற்குப் பொதுச் சலவைக்கூடம் இருந்தது.

குறைகளும் சீக்கிரமே தெரிந்தன. இழுப்பறையில் பெயர் பொறித்திருந்ததால், பலருக்கு அது தங்கள் பழக்கத்தோடு ஒட்டவில்லை. கீழ் வரிசை டப்பாக்கள் குழந்தைகளின் கைக்கு எட்டின. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. உதவிக்கு யாராவது வந்தால்கூட 'நீ போய் உட்காரு' என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வசதியாக லிஹோட்ஸ்கி அகலமான நகர்கதவு வைத்திருந்தார். அவர் நினைத்தது பெண்களின் நேரம் மிச்சமாக வேண்டும் என்பது. ஆனால் பலகையும் சுவரும் சேர்ந்து 'இந்த வேலை ஒருத்திக்கு மட்டும்' என்று எழுதிவிட்டன. பின்னாளில் நாஜிகளை எதிர்த்ததற்காகச் சிறை சென்று, 102 வயதுவரை வாழ்ந்த பெண் அவர். அவருடைய நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெளியே போன துணி திரும்பி வந்தது

வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூலில் ஒரு சுவாரசியமான வாதம் உண்டு. அமெரிக்காவில் சலவை, வீட்டை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்த வேலை. சலவை நிறுவனங்கள் இருந்தன, வீட்டுக்கு வந்து துவைத்துத் தரும் பெண்கள் இருந்தார்கள். மின் சலவை இயந்திரம் அதைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்து, இல்லத்தரசி ஒருத்தியின் தலையில் வைத்தது. துவைப்பது சுலபமானது, துவைக்கிற துணியின் அளவோ கூடியது.

நம்மூரிலும் துணி வெளியே போனதுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது சாதி. வண்ணார் குடும்பங்கள் ஊர்த்துணியை வெளுத்து, கூலிக்குப் பதில் தானியமும் மிச்சச் சோறும் வாங்கிய காலத்தை 'அந்தக்கால வசதி' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சுமை இறங்கியது நல்லது. அது இப்போது வீட்டுக்குள் யார் மேல் ஏறியிருக்கிறது என்பது வேறு கேள்வி.

சரி, அலமாரிக்கு வருவோம்

பொறியாளன் புத்தி, படித்ததை அளவாக மாற்றிப் பார்த்தேன். வழக்கமான மெஷின் அகலம் 60 செ.மீ., உயரம் 85 செ.மீ. அலமாரியை மெஷின் மேல் தாங்க வைக்கக் கூடாது. ஸ்பின் அதிர்வு எல்லாவற்றையும் இறக்கிவிடும். சுவரில்தான் பிடிக்க வேண்டும். 30 செ.மீ. ஆழம் போதும், அதற்கு மேல் போனால் பின்னால் வைத்த சாமான் மறந்தே போகும். தினமும் எடுப்பது கண் மட்டத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பது கூரைக்குக் கீழே. எங்கள் தொழிலில் இதைத்தான் 'கேஷ்' என்போம். சோப்பும் ப்ளீச்சும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். ஃப்ராங்ஃபர்ட் கற்றுக்கொடுத்த பாடம்.

இதெல்லாம் எந்த கார்பெண்டரும் சொல்வார். அவர் கேட்காத ஒரு அளவு உண்டு: கண் மட்டம் என்றால் யாருடைய கண்? டேப்பை எடுப்பதற்கு முன் வீட்டில் உள்ள எல்லாரையும் அந்தச் சுவர் முன்னால் ஒருமுறை நிற்க வையுங்கள். ஷேக்கர் வீட்டில் இழுப்பறை எல்லாருக்கும் இருந்தது, வேலையும் எல்லாருக்கும் இருந்தது. ஃப்ராங்ஃபர்ட்டில் எல்லாம் கைக்கு எட்டியது, ஒரே ஒரு ஜோடிக் கைக்கு.