அகமே புறம்: ஒரு கொள்கையின் வரலாறும் ஓர் ஏகாரத்தின் பொருளும்

தோற்றுவாய்

மாந்தர் தம் நினைவினாலேயே தம் வாழ்வைப் படைத்துக்கொள்கின்றனர் என்பது பல நாட்டினரும் பல காலத்தும் கூறிவந்த கருத்தாகும். அதன் வடிவங்கள் அனைத்தையும் தொகுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் நோய் தீர்க்கும் முறையாகத் தோன்றி, 'புதுச்சிந்தனை' என்னும் இயக்கமாக வளர்ந்து, இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு கிளையின் வரலாற்றையும், அது தமிழை வந்தடைந்த வகையையும் ஆராய்தலே ஈண்டு மேற்கொண்ட பணி.

அக்கிளையைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் நூலொன்றை அவர் 'அகமே புறம்' என்னும் பெயரால் மொழிபெயர்த்து 1914-இல் வெளியிட்டார். அப்பெயரிலுள்ள ஏகாரத்தின் பொருள் யாது? தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஏகாரத்துக்கு ஐந்து பொருள் கூறுவர் தொல்காப்பியர். அவற்றுள் ஈண்டுப் பொருந்துவன இரண்டு. தேற்றமாகக் கொண்டால், 'அகம் புறமாக விளைதல் உறுதி' என்பது பொருள். பிற காரணங்களை அது மறுப்பதில்லை. பிரிநிலையாகக் கொண்டால், 'அகம் ஒன்றே காரணம், பிறிதொன்றன்று' என்பது பொருள். பிறவற்றை அது முற்றும் விலக்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று. நோயுற்றவனையும் வறியவனையும் சிறைப்பட்டவனையும் நாம் எவ்வாறு நோக்குகிறோம் என்பது இதனைப் பொறுத்தே அமையும்.

நோயும் நம்பிக்கையும்

இக்கொள்கையின் பிறப்பிடம் கோயிலன்று, நோயாளியின் படுக்கையே. மெஸ்மர் (1734–1815) என்னும் மருத்துவர் உயிர்களினூடே ஒருவகைக் காந்த நீர்மம் ஓடுகிறது என்றும், அதனைச் சீர்செய்தால் நோய் நீங்கும் என்றும் கூறினார். பிரெஞ்சு மன்னர் 1784-இல் அமைத்த ஆய்வுக்குழு அதனை ஆராய்ந்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் இலவாசியேயும் அக்குழுவில் இருந்தனர். நீர்மம் என ஒன்றில்லை என்றும், காணப்பட்ட விளைவுகளுக்குக் காரணம் கற்பனையே என்றும் குழுவினர் முடிவு கூறினர். மறுப்பாகக் கூறப்பட்ட அம்முடிவில் ஒரு புதிய வினா மறைந்திருந்தது. கற்பனைக்கு உடலை மாற்றும் ஆற்றல் உண்டெனின், அவ்வாற்றலின் எல்லை யாது?

அவ்வினாவைத் தம் பட்டறிவால் எழுப்பியவர் அமெரிக்காவில் மெயின் மாநிலத்தைச் சேர்ந்த பினியாஸ் குவிம்பி (1802–1866). அவர் கடிகாரம் செய்யும் தொழிலாளர். இளமையில் ஈளைநோய்க்கென உட்கொண்ட பாதரச மருந்து தம் பற்களைக் கெடுத்ததை அவர் குறித்துள்ளார். மெஸ்மர் முறையைக் கற்று, லூசியஸ் பர்க்மர் என்னும் இளைஞனை அறிதுயிலில் ஆழ்த்தி, அவன் வாயிலாக நோயாளிகளுக்கு மருந்து கூறுவித்தார். விலையுயர்ந்த மருந்துக்கு மாற்றாக எளிய பொருளைக் கொடுத்தபோதும் நோய் நீங்குதலைக் கண்டார். குணப்படுத்துவது மருந்தன்று, நோயாளியின் நம்பிக்கையே என்னும் முடிவுக்கு வந்தார். பின்னர் அறிதுயிலையும் கைவிட்டு, 1859 முதல் போர்ட்லண்டு நகரில் நோயாளிகளோடு அமர்ந்து உரையாடியே குணப்படுத்த முயன்றார்.

இம்முறை அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. குருதி வடித்தலும் பாதரசம் கொடுத்தலும் மருத்துவமாக இருந்த காலம் அது. அம்மருத்துவத்தைத் தவிர்த்தலே பலருக்கு நலமாக அமைந்திருத்தல் கூடும். ஆகவே குவிம்பியின் வெற்றியில் நம்பிக்கையின் பங்கு எத்துணை, நச்சு மருந்தை நீக்கியதன் பங்கு எத்துணை என வேறுபடுத்தியே நோக்க வேண்டும். அவர் வழிவந்தோர் அவ்வாறு வேறுபடுத்தவில்லை. 1862-இல் அவரிடம் வந்த மேரி பேக்கர் எடி, பின்னர்த் தனிவழி வகுத்து, 1875-இல் தம் நூலையும் 1879-இல் தம் திருச்சபையையும் நிறுவினார். பருப்பொருளும் நோயும் மெய்யல்ல, அவை அறிவின் பிழையே என்றார். 1863-இல் குவிம்பியை நாடிய வாரன் பெல்ட் எவன்ஸ் 1869-இல் மனமருத்துவம் பற்றி நூல் எழுதினார். 'நம்பிக்கையும் ஒரு காரணம்' எனத் தொடங்கிய கருத்து, இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் 'நம்பிக்கை ஒன்றே காரணம்' என மாறிற்று. தேற்றம் பிரிநிலையாயிற்று.

நலத்தினின்று செல்வத்துக்கு

அடுத்த மாற்றம் பொருளைப் பற்றியது. எடியிடமிருந்து பிரிந்த எம்மா கர்ட்டிஸ் ஹாப்கின்ஸ் சிகாகோ நகரில் பலருக்குக் கற்பித்தார். அவர்தம் மாணாக்கர் பல அமைப்புகளை நிறுவினர். பிரெண்டிஸ் மல்போர்டு எண்ணங்களும் பொருள்களே என்றார். ரால்ப் வால்டோ டிரைன் 1897-இல் வெளியிட்ட நூல் பல்லாயிரவர் கையில் தவழ்ந்தது. வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் ஆற்றி 1902-இல் நூலாக்கிய சொற்பொழிவுகளில் இவ்வியக்கத்தை எள்ளாது ஆராய்ந்தார்; அதனால் நலம்பெற்றோர் உளர் என்பதை ஏற்றார்; ஆயினும் தீமையைக் காண மறுக்கும் சமயம் முழுமையான சமயமாகாது என்றும் காட்டினார்.

உடலை ஆக்கும் மனம் பொருளையும் ஆக்காதா என்னும் எண்ணம் விரைவில் எழுந்தது. வாலஸ் வாட்டில்ஸ் 1910-இல் செல்வம் பெறும் கலையை ஓர் அறிவியலெனவே எழுதினார். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலமாகிய 1937-இல் நெப்போலியன் ஹில்லின் நூலும், 1952-இல் நார்மன் வின்சென்ட் பீலின் நூலும் வெளிவந்தன. ஜேன் ராபர்ட்ஸ், சேத் என்னும் உடலற்ற ஆசான் தம் வாயிலாகப் பேசுவதாகக் கூறி 1974-இல் வெளியிட்ட நூலில், ஒருவரது நடப்புலகம் முழுவதும் அவர்தம் நம்பிக்கைகளின் படைப்பே என்னும் கருத்து எஞ்சாது கூறப்பட்டது. 2006-இல் ரோண்டா பைர்ன் வெளியிட்ட திரைப்படமும் நூலும் இதனையே 'ஈர்ப்பு விதி' எனப் பரப்பின. வாட்டில்ஸின் நூலே தமக்குத் தூண்டுதல் என்று அவர் கூறியுள்ளார்.

பிரிநிலை ஏகாரத்தின் விலை இங்கே புலனாகும். மனமே யாவற்றையும் ஆக்கும் எனின், நோயும் வறுமையும் உற்றவனின் குற்றமாகிவிடும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பார்பரா எரன்ரைக் 2009-இல் எழுதிய நூலில் எடுத்துரைத்தது இதனையே. நோயோடு போராடுபவர், தம் எண்ணம் பிழைத்ததால் நோய் முற்றிற்றோ என்னும் இரண்டாம் சுமையையும் தாங்க நேர்கிறது.

ஜேம்ஸ் ஆலன்

இப்பேரோட்டத்தில் சற்று விலகி நின்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆலன் (1864–1912). லெஸ்டர் நகரில் பின்னல் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். தொழில் நலிவுற்றபோது தந்தை பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்று, சென்றவுடன் இறந்தார். பதினைந்தாம் அகவையில் ஆலன் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். 1901-இல் முதல் நூலையும் 1903-இல் தமக்குப் புகழ் தந்த சிறுநூலையும் எழுதினார்.

1903-ஆம் ஆண்டு நூலின் ஆங்கிலத் தலைப்பு விவிலியத்தின் நீதிமொழிகள் நூல், 23-ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவ்விடத்தை நோக்கின் ஓர் உண்மை விளங்கும். 'உண்க, பருகுக' என வாயால் உபசரித்து உள்ளத்தே கணக்கிடும் கஞ்சனின் உணவை விரும்பாதே என்பதே அங்குள்ள அறிவுரை. அவன் உள்ளம் எத்தகையதோ அத்தகையவனே அவன். சொல்லை நம்பற்க என்பது கருத்து. ஒருவனது இயல்பைப் பற்றிய அக்கூற்று, இடத்தினின்றும் பிரிக்கப்பட்டு, ஊழைப் பற்றிய கோட்பாடாயிற்று. ஆயினும் ஆலன், செல்வத்தை விழைந்து நினைத்தால் செல்வம் வரும் என்னாது, ஒருவனது விழைவன்றி ஒழுக்கமே பயன் தரும் என்றார். பழைய பொருளின் நிழல் அவரிடம் எஞ்சியிருந்தது என்க.

சிறையும் மொழிபெயர்ப்பும்

ஆலனின் 1903-ஆம் ஆண்டு நூல் 'மனம் போல வாழ்வு' என்னும் பெயரால் 1909-இல் தமிழில் வெளிவந்தது. அப்போது மொழிபெயர்ப்பாளர் சிறையில் இருந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சி., 1908 மார்ச்சில் கைதாகி, அவ்வாண்டு சூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறைவாழ்வு கழிந்தது. கோவையில் செக்கிழுத்தார். 1912 திசம்பரில் விடுதலை பெற்றபோது கப்பல் நிறுவனம் கலைந்துபோயிருந்தது.

இத்தகையவர், மனம் போலவே வாழ்வு அமையும் என்னும் நூலை மொழிபெயர்த்தது எங்ஙனம் பொருந்தும்? அந்நூலில் ஒடுக்குவோனும் அடிமையும் அறியாமையால் ஒருவர்க்கொருவர் துணை நிற்கின்றனர் என்னும் கருத்தும் உண்டு. பிரிநிலை நோக்கிற் படிப்பின், இது அடிமையையே குற்றவாளியாக்கும் கொடிய கூற்று. சுதேசி இயக்கத்தவர் ஒருவர் படிக்குங்கால் வேறொரு பொருளும் தோன்றும். ஆளப்படுவோரின் துணையின்றி அயலார் ஆட்சி நில்லாது. அத்துணையை விலக்குதல் தம் கையிலேயே உண்டு என்பது அது. வ.உ.சி. இவ்வாறே கொண்டார் எனத் துணிய அவர் கூற்று எதனையும் ஈண்டுக் காட்டவில்லை; அவர் வாழ்வும் நூல்களும் தரும் குறிப்புகளிலிருந்து உய்த்துணர்வதே இது.

அக்குறிப்புகள் இரண்டு. கைதாவதற்குச் சின்னாள் முன்பு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு அவர் துணைநின்றார். தொழிலாளர் கூலி உயர்வு பெற்றனர். எண்ணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், கூலி தானே உயரும் என அவர் அவர்களிடம் கூறவில்லை. மற்றொன்று, கண்ணனூர்ச் சிறையில் அவர் இயற்றி 1914-இல் வெளியிட்ட 'மெய்யறம்'. அது மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐம்பகுதியாகப் பகுக்கப்பட்டது. அகத்தைத் திருத்தினாற் போதும் எனக் கருதியவர் அரசியலுக்கு ஒரு பகுதி வகுத்திருக்க வேண்டுவதில்லை.

முடிபு

தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சியின் புறன் என்றார். குறிஞ்சியே வெட்சி என்றாரல்லர். திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, இரண்டையும் தனித்தனியே நிறுத்திற்று. அகமும் புறமும் தொடர்புடையன, ஆயினும் ஒன்றல்ல என்னும் இம்மரபில் வந்தவர் வ.உ.சி. ஆதலின் 'அகமே புறம்' என்னும் பெயரிலுள்ள ஏகாரம் தேற்றமென்று கொள்வதே பொருந்தும்.

செக்கை அவர் மனம் படைக்கவில்லை. அதனைப் படைத்தது ஓர் அரசு. செக்கிழுத்த காலத்தும் நூலெழுதும் உள்ளத்தை மட்டும் அவ்வரசு படைக்கவில்லை. இக்கொள்கை தாங்கக்கூடிய உண்மை அத்துணையே. அதற்கு மேல் ஏற்றின், அது துன்புற்றார் மீது சுமத்தும் பழியாக முடியும்.