தானன்பர்க்குப் போரும் செய்திப் படையும்

போர் வரலாறு எழுதுவோர் பீரங்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். தந்திக் கம்பி இழுத்தவனைப் பற்றி ஒரு வரியும் எழுதார். தளபதியின் சொல்லைக் களத்துக்கும், களத்தின் நிலையைத் தளபதிக்கும் சேர்ப்பது செய்திப் படையின் பணி. அது பாதிப் பணியே. பகைவன் காதில் விழாமற் சேர்ப்பது மறுபாதி. அம்மறுபாதியைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் கிழக்குப் பிரஷ்யாவில் 1914 ஆகஸ்டில் நடந்த தானன்பர்க்குப் போர் சான்றாகும்.

ரஷ்யா இரு சேனைகளை அனுப்பிற்று. வடக்கே ரென்னன்காம்ப், தெற்கே சாம்சனோவ். இடையில் மசூரிய ஏரிகள். இருவரும் இசைந்து நெருங்கினால் ஜெர்மானியச் சேனை நடுவில் நசுங்கும். திட்டம் நல்லதுதான், அதைத் தாங்கக் கம்பி போதவில்லை. சேனை முன்னேற முன்னேறக் கம்பித் தொடர்பு அற்றது. எஞ்சியது கம்பியில்லாத் தந்தி. காற்றில் செல்லும் செய்தியைக் கருவியுடைய எவனும் கேட்கலாமாதலால், அதைச் சங்கேதத்தில் மறைத்தே அனுப்ப வேண்டும். ஆனால் ஒரு பிரிவின் சங்கேதத்தைத் திறக்கும் குறிப்பு அடுத்த பிரிவிடம் இல்லை. அதில் பழகிய ஆட்களும் குறைவு. ஆகவே கட்டளைகள் பல மறைப்பின்றியே சென்றன.

ஜெர்மானியர் அவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டனர். ரென்னன்காம்பின் சேனை 26ஆம் நாள் எதுவரை செல்லும் என்பது 25ஆம் நாளே அவர்கள் கைக்கு வந்தது. அது தெற்கே உதவிக்கு வந்துசேராது என்பது தெளிவாயிற்று. சாம்சனோவின் போக்கும் அவ்வாறே தெரிந்தது. ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்பும் வடக்கே சிறு காவல் மட்டும் விட்டு, ஏனைய படையைத் தெற்கே திருப்பிச் சாம்சனோவை வளைத்தனர். ஆகஸ்டு 30ஆம் நாளுக்குள் எல்லாம் முடிந்தது. சிறைப்பட்டோர் 90,000 பேருக்கு மேல். சாம்சனோவ் காட்டில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

முழுப் பழியையும் கம்பியின்மேற் சுமத்துவது நேர்மையன்று. அவ்வீரர்களுக்கு உணவும் ஒழுங்காக வந்துசேரவில்லை. எனினும் பசித்த சேனையும் தன் திட்டத்தைக் காத்திருந்தால் தப்பியிருக்கலாம்.

வென்ற ஜெர்மானியராவது பாடம் கற்றனரோ எனில், அடுத்த மாதமே மார்ன் ஆற்றங்கரையில் அவர்களும் இடறினர். தலைமைத் தளபதி மோல்ட்கே தொலைவில் லக்சம்பர்க்கில் இருந்தார். களத்துச் செய்திகள் காலந்தாழ்ந்தே அவரை எட்டின. செப்டம்பர் 8ஆம் நாள் ஹென்ச் என்னும் அதிகாரியை எழுத்துக் கட்டளையின்றி மோட்டார் வண்டியில் அனுப்பினார். பல்லாயிரம் வீரர் பின்வாங்குவது அவர் வாய்ச்சொல்லாலேயே முடிவாயிற்று. போர் முடிந்தபின், 1920இல், பிரிட்டன் தன் செய்திப் பிரிவைப் பொறியாளர் படையினின்று பிரித்துத் தனிப் படையாக்கியது.