இந்தியாவில் இலவசச் சட்ட உதவி: தந்தையரும் மாற்றுத்திறனாளிகளும்

இலவசச் சட்ட உதவி என்பது, வழக்கு நடத்த வசதியற்றவருக்கு அரசு தன் செலவில் வழக்கறிஞரை அமர்த்தித் தருவதாகும். நீதிமன்றக் கட்டணம், ஆவண நகல் போன்ற செலவுகளும் இதில் அடங்கும்.

வரலாறு

1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 304 ஆவது பிரிவு, அமர்வு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் ஏழைக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்த வழி செய்தது. 1976 இல் 42 ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39-அ உறுப்பு சேர்க்கப்பட்டது. ஆயினும் அது வழிகாட்டு நெறியாகவே இருந்தது. 1979 இல் பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த விசாரணைக் கைதிகளின் வழக்கில் (உசைனாரா காத்தூன் வழக்கு), இலவசச் சட்ட உதவி 21 ஆவது உறுப்பின்கீழ் வரும் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் கூறியது.

அடுத்து பாகல்பூர் வழக்கு வந்தது. காவல் துறையினரால் கண்கள் குருடாக்கப்பட்ட கைதிகளுக்கு வழக்கறிஞர் இல்லை. அவர்கள் கேட்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அவ்வுரிமை இருப்பதை அவர்களிடம் எவரும் கூறவுமில்லை. அதைத் தெரிவிப்பது நீதித்துறை நடுவரின் கடமை என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு தப்ப இயலாது என்றும் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987 இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாள் தேசியச் சட்டப் பணிகள் நாளாகும்.

தகுதி

இச்சட்டத்தின் 12 ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளிகள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை.

"தந்தை" என்ற தனி வகை சட்டத்தில் இல்லை. இதனால் இவ்வுதவி பெண்களுக்கு மட்டுமே என எண்ணி, குழந்தையின் பொறுப்பு அல்லது பராமரிப்புத்தொகை வழக்கில் சிக்கிய தந்தையர் பலர் விண்ணப்பிப்பதில்லை. இது தவறு. மேற்கண்ட வகைகளில் ஒன்றில் வரும் தந்தைக்கும், ஆண்டு வருமானம் வரம்புக்கு உட்பட்ட தந்தைக்கும் உதவி உண்டு. வரம்பு தமிழ்நாட்டில் 3 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு 5 லட்சம் ரூபாய்.

விண்ணப்பிக்கும் முறை

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ விண்ணப்பிக்கலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். வருமானத்துக்கு உறுதிமொழி ஆவணமே பொதுவாகப் போதும். வழக்குக்கு முகாந்திரம் உள்ளதா என்பதும் பார்க்கப்படும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.