கிரில்லஸ் என்னும் ஒரு பெயர்: துருவ ஆழ்கடல் ஆம்பிபோடுகளின் வகைப்பாட்டு வரலாறு

மீன், திமிங்கிலம் முதலியவை இறந்து கடலடியில் வீழ்ந்ததும் அவற்றை முதலில் வந்து மொய்ப்பவற்றுள் யூரிதெனீஸ் பேரினத்தைச் சேர்ந்த ஆம்பிபோடுகள் குறிப்பிடத்தக்கவை. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஓட்டுடலிகளுள், உடல் பக்கவாட்டில் தட்டையாகி முதுகு வளைந்து காணப்படும் வரிசையே ஆம்பிபோடா எனப்படுகிறது. இவ்வரிசையின் பெரும்பாலான உயிர்கள் ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாதபோது, யூரிதெனீஸ் 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வடதுருவம் முதல் தென்துருவம் வரை பரவிய ஒரே சிற்றினம் என்று கருதப்பட்ட யூரிதெனீஸ் கிரில்லஸ், இன்று பல சிற்றினங்களின் தொகுதியாக அறியப்படுகிறது. இம்மாற்றம் உயிரைக் கூர்ந்து நோக்கியதால் மட்டும் விளைந்ததன்று. அவ்வுயிர் எவ்வழியில் ஆய்வாளர் கைக்கு வந்து சேர்ந்தது என்பதோடும் அது பிணைந்துள்ளது.

கிரில்லஸ் என்ற பெயர் முதலில் அச்சேறியது 1822ஆம் ஆண்டில். கிரீன்லாந்துக் கடற்பயணம் சென்று திரும்பிய மார்ட்டின் மாண்ட், பெர்லினில் வெளியிட்ட தம் இலத்தீன் ஆய்வேட்டில், விலங்கியலார் லிக்டென்ஸ்டைன் இட்ட காமரஸ் கிரில்லஸ் என்னும் பெயரோடு இதனை விவரித்தார். அக்காலத்தில் ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து ஓர் உயிரைப் பழுதின்றி மேலே கொண்டுவரும் கருவிகள் இல்லை. ஆகவே ஆழ்கடல் உயிர்கள் பல, அவற்றை விழுங்கிய மீன், கடற்பறவை ஆகியவற்றின் இரைப்பைகளிலிருந்தே கிடைத்தன. 1848இல் ஆன்றி மில்ன்-எட்வர்ட்ஸ், தென் அமெரிக்காவின் தென்முனைக் கடலில் மீனின் இரைப்பையிலிருந்து கிடைத்த பெரிய ஆம்பிபோடு ஒன்றுக்கு லிசியனாசா மெகெல்லானிகா என்று பெயரிட்டார். இரைப்பையில் பாதி செரித்த உடலைக் கொண்டு விளக்கம் எழுதுவதில் குறைகள் நேர்வது இயல்பே. அதனினும் பெரிய குறை, அவ்வுயிர் எந்த ஆழத்தில் வாழ்ந்தது என்பது ஒருபோதும் பதிவாகாமல் போனது.

1865இல் சுவீடனின் லில்யெபோர்க், நார்வேக் கடலில் கிடைத்த மாதிரியை மில்ன்-எட்வர்ட்ஸின் தென்முனை விலங்கோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என முடிவு செய்தார். உலகின் இரு முனைகளிலும் ஒரே சிற்றினம் வாழ்கிறது என்ற கருத்துக்கு இதுவே அடிப்படையாயிற்று. அவர் அமைத்த யூரிடெனீஸ் என்ற பேரினப் பெயர் முன்னரே ஒரு குளவி வகைக்கு வழங்கியதால் விலங்கியல் பெயரிடல் மரபின்படி நிலைக்கவில்லை. 1882இல் விலங்கியலார் ஸ்மித் இலத்தீன் எழுத்தமைப்பில் ஓரெழுத்தைச் சேர்த்து யூரிதெனீஸ் என்று ஆக்கினார். மூத்த பெயருக்கே முன்னுரிமை என்ற விதியால் மெகெல்லானிகா பின்னுக்குத் தள்ளப்பட்டு, 1822இன் கிரில்லஸ் நிலைபெற்றது. லில்யெபோர்க்கின் முடிவைக் கவனக்குறைவு என்று தள்ளுதல் நியாயமன்று. அவர் முன் இருந்த உறுப்புகள் உண்மையிலேயே ஒத்திருந்தன.

மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெரின் பிரின்செஸ் அலிஸ் கப்பல் அகன்ற வாய் வலையால் சேகரித்தவற்றிலிருந்து விலங்கியலார் செவ்ரோ 1905இல் விவரித்த சிற்றினம், இன்று யூரிதெனீஸ் ஒபீசஸ் என வழங்குகிறது. 2004இல் ஸ்டாடார்ட்டும் லௌரியும் தர்ஸ்டோனி என்பதைச் சேர்த்தபோதும் பேரினத்தில் மூன்று சிற்றினங்களே இருந்தன. இதற்கிடையே இரைப்பொறிகள் வழக்கத்துக்கு வந்துவிட்டன. மீன் துண்டு வைத்த கூண்டை எடைக்கல்லோடு கடலடிக்கு இறக்கி, குறித்த நேரத்தில் எடைக்கல்லைக் கழற்றிவிட்டு மிதவையால் மேலெழச் செய்யும் இம்முறையில், நூற்றுக்கணக்கான உயிர்கள் உடல் சிதையாமல், துல்லியமான ஆழக் குறிப்போடு கிடைத்தன. முந்தைய நூற்றாண்டினருக்குக் கிட்டாத செல்வம் இது.

அவ்வாழக் குறிப்புகளே சிக்கலை வெளிக்கொணர்ந்தன. 1987இல் பசிபிக்கின் கடலடி மலையொன்றன் உச்சியிலும் அதைச் சூழ்ந்த படுகையிலும் பிடிபட்ட கிரில்லஸ்கள் மரபணு வகையில் வேறுபடுவதாக பக்லினும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். 1996இல் பிரான்ஸ், கோச்சர் இருவரும் மைட்டோகாண்ட்ரிய மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, சுமார் 3,000 மீட்டருக்கு மேலும் கீழும் வாழும் கூட்டங்களிடையே பிளவு இருப்பதைக் கண்டனர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிடைத்தூரத்தை விடச் சில நூறு மீட்டர் ஆழம் வலிய தடையாக இருக்கலாம் என்பது அதன் பொருள். ஆயினும் ஃபார்மலினில் பதப்படுத்திய பழைய மாதிரிகளில் மரபணுப் பொருள் சிதைந்துவிடுவதால், ஆல்கஹாலில் இட்ட புதிய மாதிரிகள் துருவக் கடல்களிலிருந்து சேரும்வரை ஆய்வு மேலே செல்ல இயலவில்லை.

சார்லோட் ஆவர்மான்ஸும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, கிரில்லஸ் என்ற ஒரே பெயருக்குள் சிற்றினத் தரத்திலான ஒன்பது மரபுக்கிளைகளைப் பிரித்துக் காட்டியது. அவற்றுள் ஒன்று மட்டும் வட, தென் துருவக் கடல்கள் இரண்டிலும் இருந்தது. லில்யெபோர்க்கின் கருத்து ஓரளவு உயிர்பெற்றது என்றே சொல்லலாம். வடகடலில் பிறந்த மூத்த பெயரைச் சுமக்க அக்கிளையே உரியதாயிற்று.

மரபணு வேறுபாட்டைக் காட்டுவது வேறு, சிற்றினத்தைப் பெயரிட்டு நிறுவுவது வேறு. பின்னதற்கு ஒரு மூலமாதிரி, அதாவது அப்பெயர் என்றும் பிணைந்திருக்கும் தனி உடல், அருங்காட்சியகத்தில் வைக்கப்பட வேண்டும். வாயுறுப்புகளும் கால்களும் ஒவ்வொன்றாகப் பிரித்து வரையப்பட வேண்டும். யூரிதெனீஸில் இப்பணி எளிதன்று. இளம் உயிரும் முதிர்ந்த உயிரும் உறுப்பு அளவில் மாறுவதால், ஒரு வேறுபாடு சிற்றினத்தினதா வயதினதா என்ற ஐயம் எழும். முதுகில் ஓடும் மேடுகளின் வடிவம், தலையின் கீழோரம், முன்கால்களின் அடித்தகடுகள் ஆகியவற்றை ஒத்த அளவுடைய உடல்களிடையே ஒப்பிட்டே பிரசெல்சின் டியூதெகெம் தக்கோவும் ஆவர்மான்ஸும் 2015இல் நான்கு புதிய சிற்றினங்களை நிறுவினர். அவற்றுள் தென்பெருங்கடலின் ஆழ்கடற் படுகையில் வாழ்வதற்கு, இருளைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அந்தகாரே என்று பெயரிட்டனர்.

ஒன்பது கிளைகளுள் எல்லாவற்றுக்கும் அப்போதே பெயர் கிடைத்துவிடவில்லை. பேரினம் தொடர்ந்து விரிந்து, 2020இல் மரியானா அகழியிலிருந்து பிளாஸ்டிகஸ், 2021இல் அட்டகாமா அகழியிலிருந்து அட்டகாமென்சிஸ் ஆகியவை விவரிக்கப்பட்டன. பழைய கட்டுரைகளின் நிலையோ வேறு. கிரில்லஸின் வளர்ச்சி, உணவு, இனப்பெருக்கம் பற்றிப் பல பத்தாண்டுகளாகத் திரட்டப்பட்ட தரவுகள் எந்தச் சிற்றினத்தினுடையவை என்பதை, பிடித்த ஆழமும் இடமும் எழுதப்பட்டிருந்தால் ஓரளவு ஊகிக்கலாம். மூல உடல்கள் பாதுகாக்கப்பட்டிருந்தால் மட்டுமே உறுதி செய்யலாம்.